நூடுல்ஸும் ஒரு பிடி சட்னிப்பொடியும்

தில்லியில் அது சனவரிக் குளிர். ஆய்வு மாணவியர் விடுதியொன்றின் மூன்றாம் தளத்தில், சோலாப்பூரிலிருந்து வந்திருந்த முதலாண்டு மாணவி ஒருத்தி இரவுதோறும் ஒரு பொட்டலம் நூடுல்ஸை மின்கெண்டியின் வெந்நீரில் ஊறவைத்து உண்டுவந்தாள். உதவித்தொகை மூன்று மாதமாக வந்து சேரவில்லை. வந்துவிட்டதாக வீட்டில் சொல்லியிருந்தாள்.

அடுத்த அறையில் இருந்தவள் டார்ஜிலிங் மலையைச் சேர்ந்த நான்காம் ஆண்டு மாணவி. அவள் எதையும் விசாரிக்கவில்லை. "உன் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வா" என்று மட்டும் அழைத்தாள்.

உடனடி நூடுல்ஸ் இல்லாமையை அறிந்த உணவு. போருக்குப் பின் ஜப்பானியர் பட்ட பசியைக் கண்ட மோமோஃபுகு ஆண்டோ 1958இல் அதை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஆவியில் வேகவைத்த இழைகளை எண்ணெயில் பொரிக்கும்போது உள்ளிருக்கும் நீர் வெளியேறி, நுண்துளைகள் எஞ்சுகின்றன. பின்னர் ஊற்றும் வெந்நீர் அத்துளைகளின் வழியே திரும்பப் புகுகிறது. அதனால்தான் அது சில நிமிடங்களில் வெந்துவிடுகிறது. பொட்டலத்தின் மசாலா உப்பையும் காரத்தையும் தருகிறது. புளிப்பு, பசுமை, கடிக்கும் சுகம் ஆகியவற்றைச் சமைப்பவர்தாம் சேர்க்க வேண்டும்.

மூத்தவள் பொது அடுப்பில் சிறிது எண்ணெய் காயவைத்து, நறுக்கிய வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் வதக்கினாள். மசாலாவில் பாதியை மட்டும் அந்த எண்ணெயில் தூவிச் சில நொடிகள் புரட்டினாள். மசாலாவின் மணம் நீரைவிட எண்ணெயில் நன்கு இறங்கும். பிறகு நீர் ஊற்றிக் கொதித்ததும் நூடுல்ஸை இட்டாள். அது பாதி வெந்தபோது ஒரு பிடி பாலக் கீரையைச் சேர்த்து, ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, கலக்காமல் மூடிவைத்தாள். அடுப்பை அணைத்த பின்னரே எலுமிச்சையைப் பிழிந்தாள். கொதியில் பிழிந்தால் அதன் வாசனை போய்விடும்.

இன்னொரு தட்டில் தன் ஊர் முறையையும் காட்டினாள். அந்த மலைகளில் பெரிதும் விரும்பப்படும் வாய்வாய், மசாலா ஏறியே பொரிக்கப்பட்டது, வேகவைக்காமலே உண்ணலாம். அதை நொறுக்கி, வெங்காயம், தக்காளி, கொத்தமல்லி, எலுமிச்சைச் சாறு, சில துளி கடுகெண்ணெய் ஆகியவற்றோடு பிசைந்தாள்.

இளையவள் சற்றுத் தயங்கி, தன் அறைக்குச் சென்று ஒரு டப்பாவோடு திரும்பினாள். அவள் தாய் இடித்தனுப்பிய வேர்க்கடலைச் சட்னிப்பொடி. வறுத்த கடலையும் பூண்டும் மிளகாயும் சேர்ந்தது. வந்த நாள் முதல் அவள் அதைத் திறக்கவே இல்லை. இரு தட்டுகளிலும் தாராளமாகத் தூவினாள்.

"தீதி, இது உங்கள் ஊர்ச் சாப்பாடா, எங்கள் ஊர்ச் சாப்பாடா?"

"முதலில் சாப்பிடு."

முப்பது ரூபாய்க்கும் குறைவான கூடுதல் செலவு அது. உதவித்தொகை அதனால் வந்துவிடவில்லை. ஆனால் அன்றிரவு அவள் தட்டின் முன் அமர்ந்து, மென்று, இரண்டாம் முறை கேட்டு வாங்கி உண்டாள். மறுநாள் காலையில் தாயைத் தொலைபேசியில் அழைத்துச் சட்னிப்பொடி தீர்ந்துகொண்டிருப்பதைச் சொன்னாள். சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, பணம் இன்னும் வரவில்லை என்பதையும் சொன்னாள்.