சோளகம் எழும்பும் முன்

மன்னாரின் கடற்றொழிலைப் பார்க்க நினைப்பவர் சித்திரையில் போகவேண்டும். வடகிழக்கு வாடை ஓய்ந்து, தென்மேற்குக் காற்றான சோளகம் எழும்பாத இடைக்காலம் அது. தள்ளாடி என்ற ஊரைத் தாண்டித் தீவுக்குப் போகும் தாம்போதியில் ஏறியதும் இருபுறமும் நீர் அசையாமல் கிடக்கும்.

ஒடுங்கிய மன்னார்த் தீவுக்கு இரண்டு கடல். வடக்கே ஆழம் குறைந்த பாக்கு விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. மார்கழி வாடையில் வடக்கு கொந்தளிக்க, தொழில் தெற்குக் கரைக்கு மாறும். வைகாசியில் சோளகம் பிடித்துவிட்டால் தெற்கு பொங்கும், வடக்கு அடங்கும். மீனவர் தங்கும் வாடிகளும் வலைகளும் காற்றைப் பார்த்தே இடம் மாறுகின்றன. அதே சோளகத்தை நம்பித்தான் 2020 டிசம்பரில் தெற்குக் கரையோரம் 'தம்பபவனி' காற்றாலையின் 30 கோபுரங்கள் இயங்கத் தொடங்கின.

இந்த இடைக்கால அமைதியின் அருமை பழையவர்களுக்கும் தெரிந்திருந்தது. நீர் தெளியும் பங்குனி, சித்திரையில்தான் சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிப் பக்கம் முத்துக்குளிப்பு நடந்தது. 1905இல் மட்டும் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அதற்கு வெகு முன்பே அந்தத் தொழிலை மேற்பார்க்க ஆளுநர் பிரெடெரிக் நோர்த் அரிப்பு என்ற ஊரில் கட்டிய மாளிகை இடிந்த நிலையில் இன்றும் நிற்கிறது. அவசியம் பார்க்கவேண்டிய இடம்.

தீவிலுள்ள பேசாலைக் கரையில் காலைப்பொழுதுதான் கலகலப்பு. கடற்காற்று வலுக்குமுன் படகுகள் திரும்பிவிடும். நண்டு, கணவாய், சூடை, பாரை, விளைமீன் என்று மணலில் குவியும். வலையில் சிக்கிய நீலக்கால் நண்டைக் கால் முறியாமல் கழற்றப் பொறுமை வேண்டும். கால் போனால் விலையும் போய்விடும். வெயில் ஏறுமுன் வியாபாரம் முடிந்துவிடும்.

இந்தப் பருவத்துக்கு இன்னொரு நிம்மதியும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் தமிழ்நாட்டு விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மற்ற மாதங்களில் திங்கள், புதன், சனி என்றாலே மன்னார்க்காரருக்குக் கலக்கம். ராமேஸ்வரத்து இழுவைப் படகுகள் கடலுக்கு வரும் நாட்கள் அவை. இந்திய-இலங்கைக் கடல் எல்லை 1974, 1976 ஒப்பந்தங்களில் வரையப்பட்டது. மீனோ அதற்கு முன்பிருந்தே அங்கும் இங்கும் திரிகிறது. ராமேஸ்வரத்தாருக்கும் கடனும் வயிறும் உண்டு என்பதை மன்னாரில் யாரும் மறுப்பதில்லை. ஆனால் இழுவைமடி ஒருமுறை போனால் விரித்த வலை அறுந்துபோகும். இறாலும் நண்டும் வளரும், கடற்பசு மேயும் கடற்புல்லும் அடியோடு பெயர்ந்துவிடும். இலங்கை 2017இல் சட்டம் போட்டு இழுவைமடியைத் தடைசெய்தது. பேசாலையின் சொந்த இழுவைப் படகுகளுக்கும் அது பொருந்தும்.

சோளகத்தில் அடங்கிய வடகடலை மன்னார்த் தொழிலாளர் அச்சமின்றி அனுபவிப்பது ஜூன் நடுப்பகுதிவரைதான். பருவமோ புரட்டாதிவரை நீள்கிறது. இரு கரையிலும் பேசப்படுவது தமிழ். ஆகவே, இழுவைமடியைக் கைவிடும் மீனவருக்கு மாற்றுத் தொழிலும் போதிய உதவியும் தரும்படி தமிழ்நாட்டு வாசகர்கள் தங்கள் அரசை விடாமல் கேட்கவேண்டும்.