ரப்பர் குழாய்தானே என்று விட்டுவிடலாமா?



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுது என்று யூனியன் நண்பர்கள் கேட்டார்கள். கவிதை எழுது என்றான் ஒருவன். நட்பைப் பற்றி எழுது என்றான் இன்னொருவன். எனக்கு எழுதத் தோன்றியதோ வேக்கம் ஹோஸைப் பற்றி! சிரிக்காதீர்கள். நம் பேனாவைவிட மெல்லியதான அந்தக் கறுப்பு ரப்பர் குழாய் இடம் மாறினால், நல்ல எஞ்சினும் மலையேற மறுத்துவிடும். சில சமயம் பிரேக் பெடல் கல்லாகிவிடும். ஒரு குடும்பத்தின் பிழைப்பே அதில் மாட்டிக்கொள்வதை நான் நேரில் பார்த்தேன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கொஞ்சம் பாடம். எஞ்சினிலிருந்து வீணாக வெளியேறும் புகையின் வேகத்தைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டில் உள்ள இன்னொரு சக்கரத்தால் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுவதுதான் டர்போ. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். விற்பனைக் கார்களில் அது வந்தது 1962இல். அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயரும் செவர்லே கார்வேர் மான்ஸா ஸ்பைடரும் முன்னோடிகள். இன்று நம் ஊர்ச் சாலையில் ஓடும் டீசல் கார்கள் பெரும்பாலும் டர்போ வண்டிகளே. பெட்ரோலிலும் 2017இல் வந்த நெக்ஸான், 2019இல் வந்த வென்யூ என்று வரிசை நீண்டுகொண்டே போகிறது.

டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினில் இன்டேக் மேனிஃபோல்டில் எப்போதும் உறிஞ்சல்தான். முழுக்க ஆக்சிலரேட்டர் மிதித்தால் அது குறையும், அவ்வளவே. டர்போ வைத்ததும் கதை மாறிவிடுகிறது. ஐடிலில் அதே மேனிஃபோல்டில் 450 மி.மீ. பாதரச அளவுக்கு வெற்றிடம் இருக்கும். மிதித்தால் அதே இடத்தில் வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் அரை பார், முக்கால் பார் என்று அழுத்தம் ஏறும். காலையில் உறிஞ்சுகிற வாய், மாலையில் ஊதுகிற வாய்! எனவே குழாய் நிப்பிளில் பொருந்திவிட்டது என்பதால் அது சரியான இடம் என்று சொல்லிவிட முடியாது.

டர்போ பெட்ரோல் எஞ்சினில் காற்று வரும் வழியை மூன்று இடங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே முதல் இடம். அங்கே எப்போதும் லேசான உறிஞ்சல்தான். டர்போவுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே இரண்டாவது இடம். அங்கே மிதித்தால் அழுத்தம். த்ராட்டிலைத் தாண்டிய மேனிஃபோல்டு மூன்றாவது இடம். இரண்டு முகமும் அதற்குத்தான் உண்டு.

இப்போது ஒவ்வொரு குழாயாகப் பாருங்கள். அழுத்தம் அளவுக்கு மீறாமல் புகையைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட், வழக்கமாக இரண்டாவது இடத்திலிருந்து செய்தி வாங்குகிறது. அந்தக் குழாய் கழன்றால் வேஸ்ட்கேட் திறக்காது. பூஸ்ட் எல்லை மீறி எஞ்சின் தட்ட ஆரம்பிக்கும். காலை எடுத்தவுடன் தேங்கிய காற்றை வெளியேற்றும் பைபாஸ் வால்வுக்கு மூன்றாவது இடத்தின் செய்தி தேவை. த்ராட்டில் மூடியதும் அங்கே வரும் வெற்றிடம்தான் அதைத் திறக்கிறது. அதைக் கொண்டுபோய் இரண்டாவது இடத்தில் மாட்டினால் வால்வு திறக்காது. காற்று திரும்பி வந்து டர்போ சக்கரத்திலேயே மோதும். பிரேக் பூஸ்டரும் மூன்றாவது இடத்தில்தான் வேக்கம் எடுக்கிறது. ஆனால் நடுவில் ஒன்-வே வால்வு இருந்தே தீர வேண்டும். அது இல்லையென்றால் பூஸ்ட் அழுத்தம் பிரேக் பூஸ்டருக்குள் போகும். திருப்பி மாட்டினாலோ வேக்கமே போகாது. பெடல் கல் மாதிரி நிற்கும். கிராங்க் கேஸ் ஆவிக்குழாயின் ஒன்-வே வால்வு கெட்டால், பூஸ்ட் எஞ்சினுக்கு அடிப்பாகத்தில் புகுந்து ஆயில் சீலைத் தள்ளிவிடும்.

ஆகவே எந்தக் குழாயைத் தொட்டாலும் மூன்று கேள்வி கேளுங்கள். எங்கிருந்து எடுக்கிறது? நடுவில் என்ன வால்வு, எந்தப் பக்கம் பார்த்து? யாருக்குக் கொடுக்கிறது? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் மாட்டுவது, விலாசம் எழுதாத கடிதத்தைத் தபால் பெட்டியில் போடுவது போலத்தான்.

டீசலுக்கு வருவோம். டீசல் எஞ்சினில் பெட்ரோல் போலக் காற்றை அடைத்து வைக்கும் த்ராட்டில் வேலை கிடையாது. அதனால் மேனிஃபோல்டில் நம்பத்தக்க வேக்கம் இல்லை. தனியாக ஒரு வேக்கம் பம்ப் இருக்கும். பிரேக் பூஸ்டருக்கு அங்கிருந்து ஒரு தடித்த குழாய் போகிறது. பல எஞ்சின்களில் டர்போவையும் ஈ.ஜி.ஆர். வால்வையும் இயக்கும் மெல்லிய குழாய்களுக்கும் அதே பம்ப்தான். நடுவில் சோலனாய்டு வால்வுகள் நின்று, கம்ப்யூட்டர் சொல்கிற அளவுக்கு வேக்கத்தைத் திறந்துவிடுகின்றன. வேக்கத்தால் இயங்கும் வி.ஜி.டி. டர்போக்களில், வேக்கம் இழுத்தால் இறகுகள் நெருங்கி பூஸ்ட் ஏறும். வேக்கம் போனால் இறகுகள் விரிந்து பூஸ்ட் இறங்கும்.

சென்ற செமஸ்டர் விடுமுறையில் வத்தலக்குண்டு பக்கம் ஒரு ஒர்க் ஷாப்பில் வேலை பழகினேன். கொடைக்கானல் சவாரி அடிக்கும் ஒரு டீசல் டாக்ஸி வந்தது. "காட் ரோடு ஏறவே மாட்டேங்குது தம்பி. செகண்ட் கியர்லயே உருட்டிக்கிட்டுப் போக வேண்டியிருக்கு. பின்னாடி ஒரே கரும்புகை" என்றார் டிரைவர். வேறோர் இடத்தில் கிளட்ச் மாற்றியதிலிருந்துதான் இந்த நோவாம். அங்கேயே திரும்பக் காட்டியதற்கு, "டர்போ போச்சு, புதுசு போடணும்" என்று கையை விரித்துவிட்டார்களாம். புது டர்போ என்றால் பல ஆயிரம் ரூபாய். வண்டிக்கோ இன்னும் டியூ முடியவில்லை. சீசன் நேரம் வேறு. மனுஷர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

எங்கள் மெக்கானிக் அண்ணன் ஒன்றும் பேசாமல் காற்றுக் குழாயைக் கழற்றி, டர்போ சக்கரத்தை விரலால் சுற்றிப் பார்த்தார். லேசாகச் சுற்றியது, ஆட்டமில்லை, ஆயில் கசிவும் இல்லை. "டர்போ நல்லாத்தாண்டா இருக்கு. கிளட்ச் எறக்கும்போது எவனோ ஹோஸைக் கழட்டியிருக்கான். நீ படத்தைப் பார்த்துச் சொல்லு" என்றார்.

"அண்ணே, ஸ்டார்ட் பண்ணா ஆக்சுவேட்டர் ராடு அசையுதே?" என்று கேட்டேன்.

"அசையுது. ஆனா யாரு சொல்லி அசையுதுன்னு பாத்தியா?"

அந்த ஒரு கேள்வி எனக்கு ஒரு செமஸ்டர் பாடம்! செல்போனில் மேனுவலைத் திறந்து ஒவ்வொரு குழாயாக விரலால் தொட்டுக்கொண்டே போனேன். பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி இரண்டு சோலனாய்டு வால்வுகள். ஒவ்வொன்றிலும் மூன்று நிப்பிள்: பம்பிலிருந்து வருவது ஒன்று, வேலை செய்ய அனுப்புவது ஒன்று, ஃபில்டர் வழியே வெளிக்காற்றுக்கு ஒன்று. பம்ப் குழாய்கள் சரியாக இருந்தன. வெளியே அனுப்பும் இரண்டு குழாய்கள் மட்டும் இடம் மாறியிருந்தன. டர்போவுக்கான கட்டளை ஈ.ஜி.ஆருக்கும், ஈ.ஜி.ஆருக்கான கட்டளை டர்போவுக்கும் போய்க்கொண்டிருந்தது.

விளைவை யோசித்துப் பாருங்கள். மேட்டில் மிதிக்கும்போது கம்ப்யூட்டர், "பூஸ்ட் ஏற்று, ஈ.ஜி.ஆரை மூடு" என்கிறது. நடப்பதோ தலைகீழ். ஈ.ஜி.ஆர். திறந்து புகை மறுபடி எஞ்சினுக்குள்ளேயே போகிறது. டர்போ இறகுகள் விரிந்து காற்று குறைகிறது. காற்றில்லாத டீசல் கரும்புகையாகத்தானே வரும்? அதிலும் கொடைக்கானல் 2100 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ கைகொடுக்க வேண்டிய இடத்திலேயே அது கைகழுவிவிட்டது. ஐடிலில் ஈ.ஜி.ஆருக்கு வந்த கட்டளையில்தான் டர்போ ராடு அசைந்திருக்கிறது. "ராடு அசையுது, அப்போ டர்போதான் போச்சு" என்று முன்பு பார்த்தவர்கள் முடிவு கட்டிய இடம் இதுதான்.

இரண்டு குழாயையும் மாற்றிப் போட்டு, காய்ந்து வெடித்திருந்த ஒரு முனையைப் புதிதாக்க ஆன நேரம் கால் மணி. அண்ணன் வாங்கியது ஹோஸ் துண்டு விலையும் கூலியும்தான். மறுநாள் சவாரி இறக்கிவிட்டு வந்த டிரைவர், "தம்பி, தேர்டு கியர்ல ஏறுச்சு!" என்றார்.

நண்பர்களே, பழகிக்கொள்ள வேண்டியவை சில. கழற்றும் முன் போட்டோ எடுங்கள். இரண்டு முனையிலும் ஒரே எண் எழுதிய டேப் ஒட்டுங்கள். வேக்கம் குழாய்க்குச் சுவர் தடித்த ஹோஸே போடுங்கள். மெல்லியது உறிஞ்சலில் சப்பிக்கொள்ளும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் போகவிடாதீர்கள். எஞ்சின் மவுண்டிங்கில் ஆடும், எனவே இழுத்துக் கட்டாமல் கொஞ்சம் தளர்வு கொடுங்கள். பழைய குழாய்க்குள் சிறு துளையுள்ள ரெஸ்ட்ரிக்டர் இருக்கிறதா என்று பார்க்காமல் எறியாதீர்கள். கை பம்ப் வைத்து இழுத்தால் முள் இறங்காமல் நிற்க வேண்டும். முடிவில் பிரேக்கையும் சோதியுங்கள்: எஞ்சினை நிறுத்திப் பெடலை நாலைந்து முறை மிதித்து, மிதித்த காலோடு ஸ்டார்ட் செய்தால் பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வண்டியை வெளியே விடாதீர்கள்.

ஒன்று என் மனதை விட்டுப் போகவில்லை. அண்ணனுக்கு இருபத்தைந்து வருட அனுபவம். விரல் நுனியில் டர்போவின் உடல்நிலையைச் சொல்லக்கூடியவர். அவருக்குத் தடையாக நின்றது, படத்தில் இருந்த ஆங்கிலச் சுருக்கெழுத்துகள் மட்டும்தான். எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். வீட்டுக்கு வரும் தபாலையெல்லாம் என்னிடம் நீட்டித்தான் அப்பா படிக்கச் சொல்வார். அதனாலோ என்னவோ, அண்ணன் செல்போனை என் கையில் கொடுத்தபோது பெருமையைவிடப் பொறுப்புதான் அதிகமாகத் தெரிந்தது. அவர் கை அறிவும் நம் ஏட்டறிவும் சேர்ந்தபோதுதானே அந்த டாக்ஸி மலையேறியது?

எனவே யூனியனுக்கு ஒரு வேண்டுகோள். நம் ஆட்டோமொபைல் பிரிவில் ஆளுக்கு ஒரு எஞ்சினை எடுத்துக்கொள்வோம். எந்தக் குழாய் எங்கிருந்து எங்கே போகிறது என்று தமிழில் ஒரு சார்ட் வரைவோம். ஆசிரியர்களிடம் காட்டித் திருத்தி, அக்கம்பக்கத்து ஒர்க் ஷாப் சுவர்களில் ஒட்டிக் கொடுப்போம். சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும் பெரிய செலவில்லை. முதல் சார்ட்டை நான் வரைந்து தருகிறேன். அடுத்தது யார்?