வெள்ளாட்டின் பல்லும் விளையாட்டுப் பெட்டியும்

எங்கள் குந்தாரப்பள்ளியில் வெள்ளிதோறும் சந்தை கூடும். பக்ரீத் பெருநாள் நெருங்கிவிட்டால் விடியுமுன்பே ஆடுகளின் குரல் நெடுஞ்சாலை வரை கேட்கும். என் அத்தா அச்சந்தையில் ஆட்டு வியாபாரம் செய்தவர். "கொம்பையும் நிறத்தையும் கண்டு மயங்காதே, வாயைத் திறந்து பல்லைப் பார். விலையைப் பிறகு பேசலாம்" என்பது அவர் எனக்குச் சொன்ன வியாபார பாடம். ஒரு விளையாட்டுப் பெட்டி வாங்கும்போது அந்தப் பாடம் எனக்குப் பயன்படும் என்று நான் நினைத்ததே இல்லை.

2023-ஆம் ஆண்டு, அப்போது ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் மகன், தொலைக்காட்சியில் இணைத்து விளையாடும் வீடியோ கேம் பெட்டி வேண்டுமென்று கேட்டான். மத்ரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பவன் தன் வீட்டிலேயே விளையாட்டுப் பெட்டியை வைப்பதா என்று வாசகர் சிலர் புருவத்தை உயர்த்தலாம். எனக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. ஆயினும் அவன் பள்ளி விட்டதும் நகரத்து விளையாட்டுக் கடையில் மணிக் கணக்கில் காசு கொடுத்து விளையாடி வருவதை அறிந்த பின், அறியாத இடத்தில் ஆடுவதைவிட எங்கள் கூடத்தில், எங்கள் கண்ணெதிரே ஆடட்டும் என்று என் மனைவி சொன்னது எனக்குச் சரியாகவே பட்டது.

இன்னொரு காரணமும் உண்டு. 1993-இல் எனக்குப் பதினொரு வயது. அத்தா என்னைப் பெங்களூருக்கு அழைத்துச் சென்று, கேசட் செருகி ஆடும் டிவி கேம் ஒன்றை வாங்கித் தந்தார். கடையில் இருந்த இரண்டில், விலை குறைந்ததை நான்தான் காட்டினேன். அதனுடன் வந்த கேசட்டின் மேல், தொண்ணூற்றொன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட விளையாட்டுகள் உள்ளன என்று அச்சிட்டிருந்தது. வீட்டில் போட்டுப் பார்த்தால் உள்ளவை ஆறே விளையாட்டுகள்! அவையே பெயர் மாறியும் நிறம் மாறியும் திரும்பத் திரும்ப வந்தன. நான் அழுதேன். அத்தா கடிந்துகொள்ளவில்லை. "பல்லைப் பார்க்காமல் வாங்கிவிட்டோம்" என்று மட்டும் சொன்னார்.

ஆனால் அந்த ஏமாற்றத்திலும் ஒரு பரக்கத் இருந்தது. அக்காலத்தில் நம் நாட்டுக் கடைகளில் விற்ற அத்தகைய பெட்டிகள் பெரும்பாலும் ஜப்பானின் நிண்டெண்டோ பெட்டியைப் பார்த்துச் செய்த நகல்கள். ஆகவே ஒருவன் கேசட் இன்னொருவன் பெட்டியில் பொருந்தியது. தெருவில் மூன்று வீட்டில் பெட்டி. பத்து வீட்டில் கேசட். கைமாற்றாக வாங்கி ஆடினோம். 1995-இல் ஷா வாலஸ் நிறுவனத்தின் மூலம் செகா நிறுவனத்தின் மெகா டிரைவ் பெட்டி இந்தியாவுக்கு வந்தபோது அதன் விலை ரூ.18,000. அதை எங்கள் தெருவில் எவரும் வாங்கவில்லை, வாங்கவும் முடியாது. அதற்காக எவரும் ஏங்கியதாகவும் எனக்கு நினைவில்லை.

இனி என் மகனின் கதைக்கு வருகிறேன். எங்களிடம் இருந்த தொகை ரூ.24,000. அதில் ரூ.15,000 சவூதியில் பணிபுரியும் அவனுடைய மாமா அனுப்பியது. மீதி அவனும் அவன் தங்கையும் மூன்று ஆண்டுகள் சேர்த்து வைத்த பெருநாள் காசு. தங்கையின் காசும் கலந்திருந்தபடியால், அவளையும் சேர்த்தே நால்வரும் மஷூரா செய்ய அமர்ந்தோம்.

களத்தில் இரண்டு போட்டி நிறுவனங்கள் இருந்தன. மைக்ரோசாப்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் 2020 நவம்பரில் ரூ.34,990 விலையில் இந்தியாவுக்கு வந்தது. சோனியின் பிளேஸ்டேஷன் 5, 2021 பிப்ரவரியில் ரூ.49,990 விலையில் வந்தது. 2022 நவம்பரில் அதை ரூ.54,990 ஆக உயர்த்தினார்கள். நாளாக ஆக விலை குறையும் என்று காத்திருந்தவர்களுக்கு இந்தத் தலைமுறைப் பெட்டிகள் நேர்மாறாக நடந்துகொண்டன. பிளேஸ்டேஷன் 5 எங்கள் கைக்கு எட்டாதது என்பதில் ஐயமே இல்லை. மகன் சீரிஸ் எஸ் பெட்டியையே விரும்பினான். அவனுடைய நண்பர்கள் அதில்தான் ஆடினார்கள்.

பற்றாக்குறையை அடைக்கக் கடைக்காரர் ஒரு வழி சொன்னார். "ஹஜ்ரத், வட்டியில்லாத் தவணைதானே! கையெழுத்துப் போட்டுவிட்டு எடுத்துச் செல்லுங்கள்" என்றார். ஒசூர் முதல் கிருஷ்ணகிரி வரை தொழிற்சாலைகள் பெருகிய பின், இரவுப் பணி முடிந்து வரும் இளைஞர்களின் அறைகளில் கைபேசி முதல் குளிர்பெட்டி வரை தவணையில் வந்தவையே அதிகம். நான் அந்தத் தாளை வாங்கி நிதானமாகப் படித்தேன். கடன் தருபவர் வட்டி வாங்கத்தான் செய்கிறார். அந்த அளவுக்குக் கடை விலையில் தள்ளுபடி காட்டுகிறது. அந்த வட்டியின் மேல் வரும் ஜிஎஸ்டியும் நடைமுறைக் கட்டணமும் நம் தலையில் விழுகின்றன. கடன் அட்டைகளில் வழங்கப்பட்ட இத்தகைய பூஜ்ய வட்டித் திட்டங்களில் வட்டி வேறு பெயரில் மறைந்திருக்கிறது என்று 2013-இல் ரிசர்வ் வங்கியே சுற்றறிக்கை விடுத்து, வங்கிகளைத் தடுத்தது. வட்டி என்ற சொல்லைத் தாளிலிருந்து அழித்துவிட்டால் வட்டி அழிந்துவிடுமா? "என்னங்க, பிள்ளைகளின் விளையாட்டுக்காக அது மட்டும் வேண்டாம்" என்றாள் மனைவி. தாளைத் திருப்பிக் கொடுத்தேன். மகன் மூன்று நாள் என்னுடன் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த மூன்று நாளில்தான் அத்தாவின் சொல் நினைவுக்கு வந்தது. இந்தப் பெட்டிகளின் பல் எங்கே இருக்கிறது என்று தேடினேன். கண்டது இதுதான்: சீரிஸ் எஸ் பெட்டியில் குறுந்தகடு செருகும் வாயே இல்லை! ஒவ்வொரு விளையாட்டையும் இணையத்தில் விலை கொடுத்து இறக்க வேண்டும். இல்லையேல் மாதச் சந்தா கட்ட வேண்டும். சந்தா நின்றால் அதன்மூலம் வந்த விளையாட்டும் நின்றுவிடும். பெரிய விளையாட்டு ஒன்று 50 முதல் 100 ஜிபி வரை இடம் கேட்கிறது. எங்கள் வீட்டிலோ நாளொன்றுக்கு 2 ஜிபி தரும் கைபேசி இணையம்தான். நூறு ஜிபியை இறக்க ஐம்பது நாள் ஆகும்! அந்தப் பெட்டியில் பயன்படுத்த முடிந்த இடமும் ஏறத்தாழ 364 ஜிபி மட்டுமே. எல்லாவற்றுக்கும் மேலாக, இறக்கிய விளையாட்டை நண்பனுக்குக் கைமாற்றாகத் தர முடியாது. ஆடி முடித்ததும் விற்கவும் முடியாது.

இந்த வழக்கு பழையது. 2013 மே மாதத்தில் எக்ஸ்பாக்ஸ் ஒன் பெட்டியை அறிவித்த மைக்ரோசாப்ட், தகடுகளைக் கடன் கொடுப்பதற்கும் மறுவிற்பனைக்கும் கட்டுப்பாடு விதிக்க முயன்றது. உலகெங்கும் எதிர்ப்பு எழுந்ததால் அடுத்த மாதமே அதைக் கைவிட்டது. சோனியோ தன் பிளேஸ்டேஷன் 4 தகட்டை நண்பன் கையில் கொடுத்தாலே போதும் என்று அப்போது கேலியாக விளம்பரம் செய்தது. பின்னர் அதே சோனியும் தகடு வாயில்லாத பெட்டியை விற்றது. வணிகர்களில் எவர் பக்கமும் நாம் நிற்கத் தேவையில்லை. நம் வீட்டுக்கு எது பொருந்தும் என்று பார்த்தால் போதும்.

பத்தாண்டு பழைய பிளேஸ்டேஷன் 4 எங்களுக்குப் பொருந்தியது. உலகில் 11 கோடிக்கும் மேல் விற்ற பெட்டி அது. ஆகவே பழைய தகடுகள் மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்கின்றன. நாளை பிளேஸ்டேஷன் 5 வாங்க முடிந்தால், தகடு வாயுள்ள பெட்டியில் இந்தத் தகடுகளில் பெரும்பாலானவை ஓடும். மகனையும் உடன் அழைத்துக்கொண்டு பெங்களூர் சென்றேன்.

அங்கே இன்னொரு சோதனை காத்திருந்தது. விற்பவர் ஒருவர், பூட்டை உடைத்துத் திருட்டு விளையாட்டுகள் நாற்பது ஏற்றிய பெட்டியை அதே விலைக்கு நீட்டினார். மகனின் கண்கள் விரிந்தன. நான் பேசுமுன் அவனே, "இவற்றுக்குக் காசு கொடுக்கப்பட்டிருக்கிறதா?" என்று கேட்டான். விற்பவர் சிரித்தார். அவன் பெட்டியைத் திருப்பி வைத்தான். நான் மத்ரஸாவில் இருபது ஆண்டுகளாகச் சொல்லி வருவதை, என் மகன் ஒரு கேள்வியில் சொல்லிவிட்டான்.

வேறொரு கடையில், பூட்டு உடைக்கப்படாத பெட்டியொன்றைப் பல் பார்த்து வாங்கினோம். தொலைக்காட்சியில் இணைத்து அரை மணி நேரம் ஓடவிட்டு விசிறியின் இரைச்சலைக் கேட்டோம். தகட்டை நான்கு முறை செருகி எடுத்தோம். கைக்கருவியின் குமிழ் தானே நகர்கிறதா, இணைப்புத் துளை ஆடுகிறதா என்று பார்த்தோம். முந்தையவரின் கணக்கை முற்றிலும் நீக்கச் செய்தோம். பெட்டி ரூ.19,000, இரண்டு தகடுகள் ரூ.2,000. மீதி மூவாயிரத்தைத் தங்கையின் பெயரில் வைத்தோம். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே ஒரு மணி நேரம், இருவருக்கும் முறை வைத்து. தேர்வுக் காலத்தில் பெட்டி அலமாரியில். இது ஒப்பந்தம்.

எல்லாம் இனிதே முடிந்தது என்று சொன்னால் அது பொய்யாகும். புதிதாக வரும் பெரிய விளையாட்டுகளில் பல இப்போது பழைய பெட்டிக்கு வருவதில்லை. நண்பர்கள் கூடி ஆடும்போது அவன் தனித்துவிட்ட மாலைகள் உண்டு. "அன்று அதையே வாங்கியிருக்கலாம் அத்தா" என்று ஒருமுறை சொன்னான். என்னிடம் பதில் இல்லை. கடனில்லாமல் வாழ்வதற்கும் ஒரு விலை உண்டு. அதைச் சில வேளை பிள்ளைகளும் சேர்ந்தே கொடுக்கிறார்கள். பெற்றோர் இதை மறந்துவிடக் கூடாது.

சென்ற மாதம் அவனுடைய நோட்டுப் புத்தகம் ஒன்று தற்செயலாக என் கையில் கிடைத்தது. எந்தத் தகடு யாரிடம் இருக்கிறது, எப்போது கொடுத்தது என்று தேதியிட்டு எழுதியிருந்தான். நாங்கள் விலைக்கு வாங்கியவை ஐந்தே தகடுகள். பட்டியலில் இருந்தவையோ பதினேழு. மற்றவை நண்பர்களிடமிருந்து வந்து போனவை. தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அண்டை வீட்டுக்காரரின் மகன் பெயருக்கு எதிரே, "கீறலுடன் வந்தது" என்று எழுதி, அதன்கீழ் சிறிய எழுத்தில் "கேட்க வேண்டாம்" என்று குறித்திருந்தான்.

நோட்டுப் புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.