ஆம்பளப் புள்ளைக்கு என்ன ஆயிடப் போகுது?

இப்படிச் சொல்லித்தான் நண்பனைச் சின்ன வயதில் டியூஷனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே நடந்ததை முப்பது வருடம் கழித்து, போன வாரம் டீக்கடை பெஞ்சில் என்னிடம் சொன்னான். கையிலிருந்த டீ ஆறி ஆடை படிந்துவிட்டது. இப்போதும் யாராவது பின்னாலிருந்து தோளைத் தொட்டால் தூக்கிவாரிப் போடுமாம். அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

2007இல் வெளியான மத்திய அரசு ஆய்வு, 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசியது. பாதிக்கு மேற்பட்டோர் ஏதோவொரு பாலியல் கொடுமைக்கு ஆளாகியிருந்தார்கள். அவர்களில் பாதிக்குச் சற்று அதிகமானோர் பையன்கள். 2012இல் வந்த போக்சோ சட்டம் பையன்களுக்கும் சேர்த்துத்தான். ஆனால் வீட்டில் நாம் மகளை மட்டும்தானே உட்காரவைத்துச் சொல்லித் தருகிறோம்?

நண்பனின் மகனுக்கு இப்போது எட்டு வயது. மகனின் டியூஷன் முடியும்வரை இவன் வாசலில் பைக்கிலேயே உட்கார்ந்திருக்கிறான்.