அவருடைய விரதம்

கார்த்திகை முதல் நாள் என் கணவர் மாலை போடுவார். கறுப்பு வேட்டி, துளசி மாலை, விடியுமுன் குளியல். 41 நாள் வீட்டுக்குள் பாட்டில் வராது. தெருவே அவரைச் 'சாமி' என்று கூப்பிடும். போன வாரம் அவரை டாஸ்மாக் வாசலிலிருந்து கைத்தாங்கலாகக் கூட்டிவந்தவர்கள் உட்பட.

அவர் மாலை போட்ட மறுநாள் என் கை நடுங்கத் தொடங்கும்.

அவர் மிச்சம் வைத்த பிராந்தியில்தான் நான் குடிக்கப் பழகினேன். இரண்டாவது கரு கலைந்த வருஷம், தூக்கம் வரவில்லை. பிறகு மிச்சம் போதவில்லை. பாட்டிலில் எடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றி வைத்தேன். கடை வரிசையில் நான் போய் நிற்க முடியுமா? என் சோறு மாதிரியே என் குடியும் அவர் சம்பாத்தியத்தில் நடந்தது. அவர் நிறுத்தினால் எனக்கும் நின்றது. ஒரு வருஷம், மூன்றாம் நாள் வீட்டில் பஜனை. இருபது சாமிகளுக்குச் சமைத்துக்கொண்டிருந்தேன். வியர்த்துக் கொட்டியது. சுவரெல்லாம் எறும்பு ஊர்ந்தது. எறும்பே இல்லை என்று மகள் சொன்னாள். பல வருஷம் குடித்தவர்கள் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம், மருந்தோடு மருத்துவரின் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும் என்று பின்னால் ஒரு மருத்துவர் சொன்னபோது அந்த அடுப்படிதான் ஞாபகம் வந்தது.

பக்தி குடியை நிறுத்தும். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவருக்கு ஒரு தெய்வம், ஓர் உடை, ஒரு பெயர், கூட நடக்க ஆட்கள். நானும்தான் 41 நாள் இருந்தேன். என்னை யாரும் சாமி என்று சொல்லவில்லை. எல்லா வயதுப் பெண்களும் சபரிமலைக்குப் போகலாம் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்ன அன்று எங்கள் வீட்டில் டிவியை அணைத்தார்கள்.

மருத்துவமனையிலிருந்து வந்தபின் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குப் போனேன். 1935இல் அமெரிக்காவில் இரண்டு ஆண்கள் தொடங்கியது. அவர்களுடைய 1939ஆம் வருஷப் புத்தகத்தில் மனைவிகளுக்கென்று ஓர் அத்தியாயம் உண்டு. மனைவிகள் பேசுவதுபோல அதை எழுதியவர் பில் வில்சன். மனைவி லோயிஸ் வீட்டிலேயே இருந்தார். குடிப்பவளே மனைவியாக இருந்தால் எந்தப் பக்கத்தைப் படிப்பது?

முதல் படியே தொண்டையில் நின்றது: மதுவின் முன் நாம் சக்தியற்றவர்கள் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பிறந்ததிலிருந்து அதைத்தானே எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்! ஜீன் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பெண்ணுக்கும் இதே முரண்பாடு இருந்தது. 1970களில் பெண்களுக்கென்று தனி அமைப்பே தொடங்கினார். எனக்கு அந்த வசதி இல்லை. பக்கத்து நாற்காலியில் ஓர் அக்கா இருந்தார். "பாட்டில்கிட்ட தோத்துட்டேன்னு மட்டும் சொல்லு. புருஷன்கிட்டன்னு யாரு கேட்டா?" என்றார்.

சொன்னேன். 'நாம் புரிந்துகொண்ட கடவுள்' என்று அவர்கள் சொல்லும் இடத்தில் எனக்கு இன்றுவரை ஒரு முகமும் தோன்றவில்லை. அந்த அக்காவின் குரல்தான் கேட்கிறது. இது ஆன்மிகத்தில் சேருமா என்று அவரிடமே கேட்டேன். டீ ஆறுகிறது என்றார்.

இந்தக் கார்த்திகையில் அவர் மாலை போட்டபோது எனக்கு 212ஆம் நாள். கை நடுங்கவில்லை. மலையிலிருந்து திரும்பி மாலையைக் கழற்றும் அன்று ராத்திரியே அவர் பாட்டில் வாங்குவார். அன்று கூட்டம் இருக்கிறது, வர நேரமாகும், சோற்றை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன்.