அம்மியும் கப்பல் ஏறலாம்

ஆஸ்திரேலியாவுக்குக் குடிவரும் நண்பர்கள் கேட்பதால் எழுதுகிறேன். வெளிநாட்டில் 12 மாதமோ அதற்கு மேலோ சொந்தமாக வைத்துப் புழங்கிய வீட்டுச் சாமான்களுக்கு இங்கே சுங்கவரி இல்லை. பி534 படிவம் நிரப்ப வேண்டும். புதிதாக வாங்கியவற்றின் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

வரியைவிடக் கண்டிப்பானது உயிரிப் பாதுகாப்புச் சோதனை. மண், விதை, பூச்சி எதுவும் உள்ளே வரக்கூடாது. வயலையும் காட்டையும் காக்க நினைக்கும் நாடு, அது நியாயம்தான். செருப்படியில் ஒட்டிய மண்ணைக்கூடக் கழுவிவிடுங்கள். தென்னந்துடைப்பம், முறம், நெற்கதிர்த் தோரணம் வேண்டவே வேண்டாம். மரச்சாமானில் பூச்சி அரித்த துளை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். அனுப்பும் சாமான்களின் பட்டியலில் 'இதர சாமான்கள்' என்று எழுதாமல் ஒவ்வொன்றின் பெயரையும் எழுதுங்கள்.

பாட்டியின் அம்மியை மட்டும் கனம் என்று விட்டுவிடாதீர்கள். தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, பட்டியலில் சேர்த்து அனுப்புங்கள். எங்கள் வீட்டு அம்மி அப்படித்தான் வந்தது.