தபால் சிப்பாயின் தொப்பிச் சின்னம்

தபால்தலை சேர்ப்பவர்கள் நம்மிடையே பலர் உண்டு. நான் சேர்ப்பதோ ராணுவத் தபால் பிரிவினர் அணிந்த சின்னங்களை. "இந்தப் பித்தளைத் துண்டுக்கா இத்தனை வெள்ளி?" என்று என் மனைவி கேட்பாள். அவள் கேட்பதும் நியாயந்தான்!

பிரிட்டனில் 1882-ஆம் ஆண்டு, எகிப்துப் போருக்காக ராணுவத் தபால் படையொன்று அமைத்தார்கள். 1913-இல் அது ராயல் இன்ஜினியர்ஸ் படையோடு சேர்ந்துவிட்டது. அதன் பிறகு பாலம் கட்டியவருக்கும் கடிதம் பிரித்தவருக்கும் தொப்பியில் ஒரே சின்னந்தான். 1993-இல்தான் தபால் பிரிவு ராயல் லாஜிஸ்டிக் கோர் என்ற புதுப் படைக்கு மாறியது. இந்தியாவிலோ 1972 மார்ச் முதல் தேதி ராணுவத் தபாலுக்கென்று தனிப் படையே உருவாகிவிட்டது.

1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், நம் நாட்டில் முகாமிட்டிருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு வீட்டுக் கடிதங்களைச் சேர்ப்பித்தவர்கள் இந்த இன்ஜினியர்ஸ் தபால்காரர்களே. அக்காலச் சின்னங்களில் மன்னர் ஆறாம் ஜார்ஜின் எழுத்து இருந்தால் முந்தியது. எலிசபெத் அரசியாரின் எழுத்து இருந்தால் பிந்தியது. கிரீடத்தின் வடிவமும் மாறியிருக்கும். இதையெல்லாம் பார்த்துக் காலத்தைச் சொல்லிவிடலாம். ஆனால் அணிந்தவர் தபால்காரரா, பாலம் கட்டியவரா என்பதைச் சின்னம் சொல்லாது. மனிதர்தாம் சொல்லவேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மையார் பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டுவந்தார். அவருடைய தகப்பனார் சிங்கப்பூரில் பிரிட்டிஷ் ராணுவத் தபால் நிலையத்தில் சிவிலியன் ஊழியராகக் கடிதம் பிரித்தவராம். 1971-இல் படைகள் புறப்பட்டபோது, கூட வேலைசெய்த சார்ஜன்ட் தம் தொப்பியிலிருந்த சின்னத்தைக் கழற்றி அவர் கையில் வைத்துவிட்டுப் போனாராம். டின்னில் அந்தச் சின்னமும், இருவரும் சாக்குப்பைகளுக்கு நடுவே நிற்கும் புகைப்படமும் இருந்தன.

பழைய சாமான் கடைக்காரர் ஐந்து வெள்ளிகூடப் பெறாது என்றாராம். "ஐயா, உங்களுக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் குப்பைக்குத்தான்" என்றார்.

என்னிடம் உள்ளவற்றில் தபால்காரருடையதென்று உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுமில்லை. ஆசை இல்லாமலா இருக்கும்? ஆனால் அந்தத் தகப்பனார் அங்கே உழைத்ததற்கு அந்தக் குடும்பத்தில் வேறு அடையாளமே இல்லை. புகைப்படத்தின் பின்னால் பெயர், ஆண்டு, வேலை எல்லாவற்றையும் அந்த அம்மையாரையே பென்சிலால் எழுதவைத்து, டின்னை மூடி அவரிடமே கொடுத்தேன். "பேரப் பிள்ளைகளிடம் காட்டுங்கள், அம்மா" என்றேன்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் இப்படியொன்று கிடக்கலாம். பித்தளையானால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து மழுங்கிவிடும். யாருடையது, எப்படி வந்தது என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிச் சின்னத்தோடு சேர்த்து வையுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.